வினாவைக் கொடுத்த ஆசான்

கல்லூரிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கட்டடங்களைக் கொண்டே எழுதிவிடுகின்றனர். அடிக்கல் நாட்டிய ஆண்டு, ஆலயம் எழுந்த ஆண்டு, நூலகம் திறந்த நாள், வெள்ளிவிழா, பொன்விழா என்று அவ்வரலாறு நகர்கிறது. அவையும் வேண்டியனவே. எனினும், ஒரு கல்லூரியின் உள்வரலாறு அமைதியாக வேறோர் இடத்தில் நிகழ்கிறது. இருபது வயதும் நிரம்பாத ஒரு மாணவனை நம்பி, பாடநூலில் விடை இல்லாத ஒரு வினாவை ஓர் ஆசிரியர் அவனிடம் ஒப்படைக்கும் வேளையே அது. அந்த வேளைக்குக் கல்வெட்டு இல்லை. பல ஆண்டுகள் கடந்த பின்னர், அம்மாணவனின் வாழ்வே அதற்குச் சான்றாக நிற்கும்.

இளமையில் கல்லூரியில் பயிலும்போதே ஆராய்ச்சியின் சுவையை அறிந்தோர் எவ்வாறு உருவாயினர், ஆராய்ச்சியையே வாழ்க்கைப் பணியாக ஏற்க அவர்களுக்கு எவை துணைநின்றன என்பதைச் சென்னை மாநகரின் கல்வி வரலாற்றைக் கொண்டு காண விழைகிறோம். இவ்வரலாற்றின் நடுவே நிற்பவர் ஓர் இயேசு சபைக் குரு. அவருடைய பெயரை நம் மக்களுள் பலர் கேள்வியுற்றிருக்கமாட்டார்கள். அதுவும் நாம் இக்கட்டுரையை எழுதுவதற்கு ஒரு காரணம்.

வழி இல்லாத காலம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நாட்டில் ஆராய்ச்சிக்குரிய அறிவுக்குப் பஞ்சமில்லை. ஆராய்ச்சிக்குரிய வழிதான் இல்லை. கணித மேதை சீனிவாச இராமானுசன் 1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். பள்ளி நாள்களிலேயே அவர் கையில் கிடைத்த கணிதத் தொகுப்பு நூல் ஒன்று அவரை முழுமையாக ஆட்கொண்டிருந்தது. கணிதம் தவிர மற்றப் பாடங்களில் அவர் மனம் செல்லவில்லை. உதவித்தொகை பறிபோயிற்று. பின்னர்ச் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், 1907இல் தேர்வில் வெற்றிபெற இயலவில்லை. தம் குறிப்பேடுகளில் உலகம் அறியாத தேற்றங்களை எழுதிக்கொண்டிருந்த இளைஞர், கல்லூரியின் கணக்கில் தோற்றுப்போன மாணவர். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை பார்த்த அவருக்கு, 1913இல்தான் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது.

சர் சி. வி. இராமனின் கதை வேறு வகையானது. மாநிலக் கல்லூரியில் முதுகலை பயின்றுகொண்டிருந்தபோதே, 1906இல், ஒளியின் விளிம்பு வளைவு பற்றி அவர் எழுதிய கட்டுரை இலண்டனில் வெளிவந்த 'பிலசாபிகல் மேகசின்' இதழில் அச்சேறியது. அப்போது அவருக்கு வயது 18. ஆனால், தேர்வில் முதன்மை பெற்ற அவ்விளைஞருக்கு அறிவியலில் பிழைக்க வழியில்லை. 1907இல் அரசின் நிதித்துறையில் அதிகாரியாகச் சேர்ந்து கல்கத்தா சென்றார். அலுவலக நேரத்திற்கு முன்னும் பின்னும் அங்கிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். பத்து ஆண்டுகள் இவ்வாறு கழிந்த பின்னர், 1917இல், குறைந்த ஊதியத்தை ஏற்றுக்கொண்டு கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1876இல் மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் நிறுவிய அவ்வறிவியல் கழகத்திற்குத் தொடக்கமுதல் தோள்கொடுத்து நின்றவர்களுள் ஒருவர், தூய சவேரியார் கல்லூரிப் பேராசிரியரும் பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குருவுமான லாபோன் அடிகளார் என்பது நாம் நினைவிற்கொள்ளத்தக்கது.

இராமனின் உறவினரான சுப்பிரமணியன் சந்திரசேகர் மாநிலக் கல்லூரியில் பட்ட வகுப்பில் பயின்றபோது, 1928இல் செருமானிய அறிஞர் சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். மாணவராகிய சந்திரசேகர் அவரைத் தேடிச் சென்று சந்தித்தார். தாம் அதுவரை கற்ற இயற்பியல் பழையதாகிவிட்டது என்பதை அச்சந்திப்பில்தான் அவர் அறிந்தார். அறிஞர் தம் புதிய கட்டுரையின் அச்சுப்படிகளை அவரிடம் கொடுத்தார். அவற்றைப் படித்துத் தெளிந்த அம்மாணவர் தாமே ஒரு கட்டுரை எழுத, அது 1929இல் இலண்டன் அரச கழகத்தின் இதழில் வெளிவந்தது. 1930இல் அவர் கேம்பிரிட்ச் சென்றார். அதன் பின்னர் அவருடைய வாழ்க்கைப்பணி முழுவதும் வெளிநாட்டிலேயே அமைந்தது.

ஒருவர் தேர்வில் தோற்றார். ஒருவர் கணக்கு அலுவலகத்திற்குச் சென்றார். ஒருவர் கடல் கடந்தார். மூவரும் தம் திறத்தால் உயர்ந்தனர் என்பது உண்மையே. ஆனால், அத்துணை பெருந்திறம் இல்லாத, எனினும் ஆராய்ச்சிக்குத் தகுதியுள்ள எத்தனை இளைஞர்கள் வழி காணாமல் நின்றுவிட்டிருப்பர்! மேதைகள் தடைகளைத் தாண்டிவிடுவர் என்று சொல்லி அமைதியடைவது எளிது. தடையை அகற்றுவதற்கு மற்றொரு வகை மனிதர் வேண்டும்.

பிரான்சிலிருந்து வந்தவர்

அத்தகைய மனிதராக வந்தவர் அருள்தந்தை சார்லஸ் ராசீன். 1897இல் பிரான்சு நாட்டில் பிறந்து இயேசு சபையில் சேர்ந்த அவர், பாரிசில் எலி கார்த்தான் என்னும் பெருங்கணித அறிஞரிடம் பயின்று, சார்பியல் கொள்கை தொடர்பான ஆய்வுக்காக 1934இல் முனைவர் பட்டம் பெற்றார். அந்நாளில் பிரான்சின் இளங்கணித அறிஞர்கள் கணிதத்தைப் புதிய அடித்தளத்தின்மேல் கட்டியெழுப்ப முனைந்திருந்தனர். அவர்களுள் ஆந்த்ரே வெய்ல், ஆன்ரி கார்த்தான் முதலியோர் ராசீன் அடிகளாருக்கு நண்பர்கள். பாரிசிலேயே தங்கியிருப்பின், அவரும் அந்த இயக்கத்தின் நடுவே வாழ்ந்திருக்கலாம். ஆனால், 1937இல் அவர் தமிழகம் வந்தார். திருச்சி தூய வளனார் கல்லூரியில் ஈராண்டுகள் கற்பித்த பின்னர், 1939இல் சென்னை இலயோலாக் கல்லூரிக்கு மாற்றப்பட்டார். அருள்தந்தை பெர்த்ராம் அவர்களால் 1925இல் நிறுவப்பட்ட அக்கல்லூரிக்கு அப்போது அகவை பதினான்கே.

அன்றைய சென்னைப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பாடத்திட்டம், கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தின் பழைய தேர்வுமுறையை அடியொற்றியது. கடினமான கணக்குகளை விரைந்து தீர்க்கும் பயிற்சியே அதன் உயிர். அப்பயிற்சிக்கு அதற்குரிய பயன் உண்டு. எனினும், எல்லாக் கணக்கிற்கும் விடை முன்னரே ஒருவருக்குத் தெரியும் என்பதே அதன் அடிப்படை. ஆராய்ச்சியோ, விடை எவருக்கும் தெரியாத இடத்தில்தான் தொடங்குகிறது. ராசீன் அடிகளார் தேர்வுக்கென்று கற்பித்தவர் அல்லர். பாரிசில் அப்போது எழுந்துகொண்டிருந்த புதுக்கணிதத்தைச் சென்னையின் பட்ட வகுப்பு மாணவர்களுக்கு அறிமுகம் செய்தார். பாடத்திட்டத்தில் இல்லாத நூல்களைப் படிக்கத் தூண்டினார். நல்ல மதிப்பெண் வாங்கும் மாணவன் யார் என்பதைவிட, எதையும் ஏன் என்று கேட்கும் மாணவன் யார் என்பதையே அவர் கண் தேடியது.

மாணவர் மட்டுமன்றி இளம் ஆய்வாளரும் அவரால் பயன்பெற்றனர். இலயோலாவின் முன்னாள் மாணவரான மீனாட்சிசுந்தரம், ராசீன் அடிகளாரின் தொடர்பால் புதிய ஆய்வுத்துறைக்குத் திரும்பினார். பின்னாளில் சுவீடன் நாட்டு அறிஞர் பிளேயல் என்பாருடன் இணைந்து 1949இல் அவர் வெளியிட்ட கட்டுரை, கணிதத்தில் மட்டுமன்றி இயற்பியலிலும் எடுத்தாளப்படுவது.

ஊக்கம் மட்டும் போதாது

ஊக்கப்படுத்துதல் எளிது. ஊக்கம் பெற்ற இளைஞன் மறுநாள் எங்குச் செல்வான் என்பதே கடினமான கேள்வி. இராமன் காலத்தில் அக்கேள்விக்கு விடை இல்லை. 1945இல் ஓமி பாபா அவர்களின் முயற்சியால் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம் பிறந்தது; விரைவிலேயே அது பம்பாயில் நிலைகொண்டது. 1949இல் சென்னையில் பயின்ற கே. சந்திரசேகரன் அங்குச் சேர்ந்து, கணிதப் பள்ளியைக் கட்டியெழுப்பினார். இளம் பட்டதாரிகளைத் தெரிந்தெடுத்து, உதவித்தொகை அளித்து, உலகின் தலைசிறந்த அறிஞர்களை வரவழைத்து, அவர்தம் விரிவுரைகளைக் குறிப்பெடுத்து எழுதும் பொறுப்பை அவ்விளைஞர்களிடமே ஒப்படைத்தார். பிறர் சிந்தனையைத் தெளிவாக எழுதப் பழகுவதே அங்கு ஆய்வின் முதற்படியாயிற்று.

ராசீன் அடிகளார் இவ்வாய்ப்பின் அருமையை உடனே உணர்ந்தார். தாம் கண்டெடுத்த மாணவர்களைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல், பம்பாய்க்கு வழிகாட்டி அனுப்பினார். 1953இல் இலயோலாவிலிருந்து இருவர் அங்குச் சேர்ந்தனர். ஒருவர் காஞ்சிபுரத்தில் பிறந்து செங்கற்பட்டில் வளர்ந்த வழக்கறிஞர் மகன் சி. எஸ். சேஷாத்ரி. மற்றவர் அந்நாளைய வட ஆர்க்காடு மாவட்டத்துத் தண்டரையில் உழவர் குடும்பத்தில் பிறந்த எம். எஸ். நரசிம்மன். இருவரும் 1932இல் பிறந்தவர்கள். சேஷாத்ரியின் ஆர்வத்தை வளர்த்ததில் இலயோலாவின் மற்றோர் ஆசிரியரான எஸ். நாராயணன் அவர்களுக்கும் பங்குண்டு. ஒரு மாணவன் ஒரே கையால் வளர்க்கப்படுவதில்லை.

1957 முதல் 1960 வரை அவ்விருவரும் பாரிசில் தங்கி, ராசீன் அடிகளார் விட்டுவந்த அதே கணித உலகில் பயின்றனர். 1965இல் அவர்கள் இணைந்து வெளியிட்ட தேற்றம் இன்று உலகெங்கும் நரசிம்மன்-சேஷாத்ரி தேற்றம் என்று வழங்குகிறது. அதன் நுட்பத்தை இங்கு விளக்க இயலாது. இயற்கணித வடிவியலில் எழுந்த ஒருவகை அமைப்புகளும், முற்றிலும் வேறொரு வழியில் சமச்சீர்மையை ஆராய்ந்தோர் கண்ட அமைப்புகளும் உண்மையில் ஒன்றுக்கொன்று பொருந்துவன என்று அது காட்டியது எனச் சுருக்கமாகச் சொல்லலாம். பின்னாளில் இயற்பியல் அறிஞர்களும் இதனைப் போற்றினர். 1988இல் சேஷாத்ரியும் 1996இல் நரசிம்மனும் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராயினர்.

ஒரு துயரக் கதை

வெற்றிகளை மட்டும் எழுதினால் வரலாறு விளம்பரமாகிவிடும். 1957இல் இலயோலாவிலிருந்து ராசீன் அடிகளாரின் ஊக்கத்தோடு பம்பாய் சென்றவர்களுள் ஒருவர் சி. பி. இராமானுசம். 1938இல் சென்னையில் பிறந்தவர். எண் கோட்பாட்டிலும் இயற்கணித வடிவியலிலும் அவர் செய்த பணிகள் சில, ஆனால் ஆழமானவை. மூல நூல்களைப் படிப்பதற்காகவே பிரெஞ்சு, செருமன், இத்தாலியம், உருசியம் ஆகிய மொழிகளைக் கற்றார். பிறருக்கு விளக்கிச் சொல்வதில் தம் நேரத்தை எண்ணிப் பாராதவர். அமெரிக்க அறிஞர் மம்ஃபோர்டின் புகழ்பெற்ற நூல் ஒன்று, அவ்வறிஞர் பம்பாயில் நிகழ்த்திய விரிவுரைகளுக்கு இவர் எழுதிய குறிப்புகளைத் துணையாகக் கொண்டு உருவானது.

ஆனால், தம் பணியைப் பற்றி அவருக்கு ஒருபோதும் நிறைவு தோன்றவில்லை. கடுமையான மனநோய் அவரைத் திரும்பத் திரும்ப வாட்டியது. 1974 அக்டோபரில், 36ஆம் அகவையில், தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார்.

இதனை ஆராய்ச்சியின் குற்றம் என்று சொல்லுதல் அறியாமை. நோய் நோயே. மனநோயின் கடுமை மனிதனின் பொறுப்பைக் குறைக்கிறது என்றும், இவ்வாறு இறந்தோரின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழத்தலாகாது என்றும் 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. எனினும், இவ்வாழ்வு நமக்கு ஒன்றை உணர்த்துகிறது. ஆராய்ச்சி என்பது பல மாதங்கள், சில வேளை பல ஆண்டுகள், விடை காணாமல் இருட்டில் நிற்கும் பணி. வகுப்பில் என்றும் முதலாவதாக நின்ற பிள்ளைக்கு அவ்விருள் புதிது. தோல்வி தன்னுடைய மதிப்பைக் குறைப்பதில்லை என்று அவனுக்கு யாரேனும் முன்னரே சொல்லியிருக்க வேண்டும். அறிவுக்கு ஆசான் வேண்டும். அறிவுடையவனுக்குத் தோழனும் வேண்டும். வீட்டை விட்டு ஆய்வு நிலையங்களுக்குச் செல்லும் நம் பிள்ளைகளிடம் தேர்வு எப்படி, உதவித்தொகை எவ்வளவு என்று கேட்கிறோம். உறக்கம் வருகிறதா, பேச யாராவது இருக்கிறார்களா என்றும் கேட்போமாக. வேண்டுமாயின், மருத்துவரை நாடுவதை இழுக்காக எண்ணாதிருப்போமாக.

இது குருவின் பணியா?

ஒரு கேள்வி இங்கு எழுவது இயல்பு. பாரிசில் முனைவர் பட்டம் பெற்ற குரு, கடல் கடந்து வந்து, பல்லாண்டுக் காலம் கரும்பலகைமுன் நின்று கணிதம் கற்பித்தார். 1976இல் மறைந்தார். அவர் பெயரை உலகறியச் செய்த மாணவர்கள் பெரும்பாலும் இந்து சமயத்தவர், அவ்வாறே வாழ்ந்தவர்கள். அப்படியானால் அவர் செய்தது மறைப்பணியா? குருத்துவக் கல்லூரிகளில் இன்றும் இக்கேள்வி ஏதேனும் ஒரு வடிவில் எழுப்பப்படுகிறது. நம் மக்களும் மரியாதை காரணமாக வாய்விட்டுக் கேட்பதில்லையே தவிர, உள்ளத்தில் கேட்கவே செய்கின்றனர்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு இதற்கு ஒளி தருகிறது. படைக்கப்பட்டவை தமக்குரிய உண்மையும் ஒழுங்கும் உடையன; அவற்றை நேர்மையோடும் பொறுமையோடும் ஆராய்பவர் தாம் அறியாமலே இறைவனின் கையால் நடத்தப்படுகின்றனர் என்பது அதன் போதனை. அறிவியலுக்கு உரிய தன்னுரிமையைக் கிறிஸ்தவர்களே சில வேளைகளில் உணராமற்போனதற்காகவும் அவ்வேடு வருந்துகிறது. இப்போதனை வெளிவருவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னரே, ஒரு கணித வகுப்பறையில் அது வாழப்பட்டுவந்தது என்றே நாம் கருதுகிறோம். உண்மை எங்கு இருப்பினும் அது இறைவனுடையது என்று நம்புகிறவர், அதனைக் கற்பிக்கையில் வேறொரு கைம்மாறும் எதிர்பாரார்.

மேலும், தாம் வளர்த்த மாணவரைத் தம்மிடமிருந்து அனுப்பிவிடும் மனம் எளிதில் வாய்ப்பதன்று. சிறந்த மாணவனைத் தம் துறையிலேயே வைத்துக்கொள்ள விரும்பாத ஆசிரியர் அரியர். தம் சீடர்களுக்கு வேறொருவரைச் சுட்டிக்காட்டி, தாம் ஒதுங்கி நின்று, அதில் மகிழ்ச்சியும் கண்ட திருமுழுக்கு யோவானின் துறவு அது. ராசீன் அடிகளாரின் சொந்த ஆய்வுக் கட்டுரைகள் இன்று அதிகம் பேசப்படுவதில்லை. அவர் அனுப்பியவர்களின் கட்டுரைகள் பேசப்படுகின்றன.

அனுப்பப்பட்டவர் திரும்பிவந்தார்

இவ்வரலாற்றின் அழகான பகுதி இன்னும் ஒன்று உண்டு. பம்பாயிலிருந்து 1984இல் சென்னைக்குத் திரும்பிய சேஷாத்ரி, 1989இல் ஒரு கணித நிறுவனத்தைத் தொடங்கினார். அதுவே பின்னர்ச் சென்னைக் கணிதக் கழகமாக வளர்ந்தது. உலகப் புகழ் பெற்ற ஆய்வாளர்கள் பொதுவாக இளங்கலை மாணவர்க்குக் கற்பிப்பதில்லை. நம் நாட்டில் ஆய்வு நிலையங்கள் ஒருபுறமும் கல்லூரிகள் மறுபுறமுமாகப் பிரிந்தே கிடந்தன. 1998இல் அந்நிறுவனத்தில் கணிதத்திற்கும் கணினி அறிவியலுக்கும் இளங்கலைப் பட்ட வகுப்பு தொடங்கப்பட்டது. ஆய்வாளர்களே அங்கு ஆசிரியர்கள். அங்குப் பயிலும் மாணவர் சிலர் கோடைக்காலத்தில் பாரிசின் புகழ்பெற்ற உயர்கல்விக் கூடமாகிய எக்கோல் நொர்மாலுக்குச் சென்று பயிலவும் ஏற்பாடு செய்யப்பட்டது. ஒரு குரு 1937இல் பாரிசிலிருந்து கொண்டுவந்த வித்து, அவர் மறைந்த பின்னரும் இவ்வாறு முளைத்தது. சேஷாத்ரி 2020இலும் நரசிம்மன் 2021இலும் மறைந்தனர்.

இராமன் காலத்தில் இல்லாத வழிகள் பல இன்று உள்ளன. 2006 முதல் புனே, கொல்கத்தா முதலிய நகரங்களில் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் எழுந்தன. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனம் 2011இல் இளங்கலை வகுப்பைத் தொடங்கியது. நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் இணைந்து, சாதாரணக் கல்லூரி மாணவரும் கோடை விடுமுறையில் ஓர் அறிஞரின் கீழ் ஆய்வு செய்ய உதவித்தொகை வழங்கி வந்துள்ளன. நம் சிற்றூர்க் கல்லூரிகளில் இச்செய்தியை அறிந்த மாணவர் எத்தனை பேர்? அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடுமா?

பங்குகளில் நாம் காண்பது வேறு காட்சி. இயற்பியலோ தாவரவியலோ படிக்க விரும்பும் பிள்ளையிடம், அதைப் படித்து என்ன வேலைக்குப் போவாய் என்றே முதலில் கேட்கப்படுகிறது. வறுமையை அறிந்த பெற்றோரின் அச்சத்தை நாம் இகழவில்லை. ஆராய்ச்சி வாழ்வு நீண்ட படிப்பைக் கேட்கிறது. ஊதியம் தாமதமாகவே வருகிறது. நிலையான பணி உறுதியன்று. இவற்றை மறைத்துப் பிள்ளைகளை ஊக்குவிப்பது நேர்மையன்று. ஆயினும், குருத்துவத்திற்கும் துறவறத்திற்கும் அழைத்தல் உண்டென்று மறையுரையில் கூறும் நாம், அறிவைத் தேடும் வாழ்வும் ஓர் அழைத்தலாகலாம் என்பதை எத்தனை முறை கூறியிருக்கிறோம்? நம் கல்லூரிகள் எல்லாருக்கும் கதவு திறந்தன. அது நம் பெருமை. அக்கதவின் வழியே நம் மீனவர், உழவர், கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் ஆராய்ச்சிக் கூடங்கள்வரை செல்லத் துணைநின்றோமா என்பது நாம் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டியது.

இதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. ராசீன் அடிகளாரிடம் ஆய்வு நிறுவனம் இல்லை. ஒரு வகுப்பறையும், சில நூல்களும், மாணவனை மதிக்கும் மனமும் இருந்தன. ஒவ்வொரு பங்கிலும் ஓர் அறிவியல் ஆசிரியராவது இருக்கிறார். விடுமுறை நாள்களில் ஆர்வமுள்ள நான்கு மாணவர்களை அழைத்து, ஒரு நூலைச் சேர்ந்து படித்து, ஒரு வினாவை அவர்கள்முன் வைத்துவிட்டு, விடையைச் சொல்லாமல் காத்திருக்க அவரால் இயலும். பங்கின் அறையும் விளக்கும் அதற்குத் திறந்திருக்கட்டும். அடுத்த தேர்வு முடிவுகள் வெளிவரும் நாளில், மதிப்பெண் எவ்வளவு என்று கேட்பதற்குமுன், எதை அறிய உனக்கு ஆசை என்று நம் பிள்ளைகளிடம் ஒருமுறை கேட்போம். அவர்கள் கூறும் விடையைப் பொறுமையோடு கேட்கும் அருளை இறைவன் நமக்குத் தருவாராக.